ஆமை சாத்திய கதவு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம், நூம்பலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. அந்த மாதம் எங்கள் வீட்டில் மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. நான், என் மனைவி, ஓர் ஆமை, மூன்று பேரும் விரதம். ஆமையின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. என்னுடையதையும்தான்.

அது பெட்டி ஆமை. பயந்தால் தலை, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடிப்பக்க ஓடு கதவுபோல் எழும்பி மூடிக்கொள்ளும். முத்தாபுதுப்பேட்டை குவார்ட்டர்ஸில் இருந்த நண்பன் வடக்கே மாற்றலாகிப் போனபோது, பங்குனியில் என்னிடம் கொடுத்தது.

"வாரத்துல ரெண்டு நாளு புழு, நத்தை எதுனா குடு மச்சான். வெறும் தழைய போட்டு ஏமாத்தாத" என்று சொல்லித்தான் போனான். எனக்குப் புழுவைக் கண்டாலே குமட்டும். வெள்ளரிக்காய், கீரை, வாரம் ஓர் அவித்த முட்டை என்று நானாகச் சட்டத்தைத் திருத்தினேன். புரட்டாசியில் முட்டையும் போனது.

ஊருக்கே ஜோக்கடிக்கிற ஆள் நான். வீட்டுக்கு யார் வந்தாலும் ஆமையின் முதுகில் விரலால் தட்டி, "சார், உள்ள ஆள் இருக்கா?" என்பேன். படக்கென்று மூடிக்கொள்ளும். எல்லோரும் சிரிப்பார்கள். ஆபீஸ் வீடியோ காலில் மேனேஜருக்குக்கூடக் காட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை காட்சி என்பது ஆமைக்குத்தான் தெரியும்.

மூன்றாவது சனிக்கிழமை அது கண்ணைத் திறக்கவில்லை. படம் எடுத்து, 'எங்கள் வீட்டுச் சாமியார் தியானத்தில்' என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நல்ல வரவேற்பு. நான்கு நாள் கழித்து மனைவிதான் கவனித்தாள்.

"ஏங்க, இது தூக்கம் இல்லைங்க. கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு."

கால்நடை டாக்டர் இமையை லேசாக விலக்கிப் பார்த்தார். சத்துக் குறைவு, பல மாதமாகவே இருந்திருக்கிறது என்றார். விரதக் கதையையும் நகைச்சுவையாகத்தான் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வேண்டிக்கிட்டது நீங்கதானே சார்?" என்றார். சொட்டு மருந்து, இரண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், சூட்டுக்கு ஒரு பல்பு, சிரிஞ்சில் கரைத்த உணவு. உள்ளே இறங்கினால் பிழைக்கும் என்றார்.

அன்றைக்கே ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் போய்ப் புழு கேட்டேன்.

"இன்னா சார், மீனு புடிக்கப் போறியா?"

ஆமைக்கு என்றேன்.

"இத்தினி நாளா இன்னாத்த போட்டு வளத்துக்கினு இருந்த?" என்று கேட்டபடியே டப்பாவில் மண்ணோடு அள்ளிக் கொடுத்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் மனைவி, புரட்டாசி என்றும் பாராமல், சட்னி ஜாரை எடுத்து நீட்டினாள். குமட்டிக்கொண்டே அரைத்தேன்.

சிக்கல் அதற்கப்புறம்தான். நான் தொட்டாலே ஆமை மூடிக்கொண்டது. கண் தெரியாவிட்டாலும் என் விரல் அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மனைவி அம்பத்தூரில் வேலைக்குப் போய்விடுவாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான், சிரிஞ்சோடு பகலெல்லாம் அதன் எதிரில் உட்கார்ந்திருப்பேன். "நான்தான்டா, தொற" என்று கெஞ்சுவேன். நான்தான் என்பதுதான் அதற்குப் பிரச்சினையே. மாலையில் மனைவி கையில் மட்டும் இரண்டு சொட்டு, மூன்று சொட்டு குடித்தது. அது போதவில்லை.

பதினோராம் நாள் காலை, குளிப்பாட்டத் தூக்கினேன். மூடவில்லை. தலை வெளியே இருந்தது. ஒருவழியாக என்னை மன்னித்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அவ்வளவு அறிவாளி நான். பழக்க தோஷத்தில் விரல் ஓட்டின் மேல் தட்டியும்விட்டது. கதவு திறந்தபடியே கிடந்தது.

நண்பனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டவில்லை. "சரி வுடு மச்சான்" என்றான். அதற்கப்புறம் அவன் என்னைக் கூப்பிடுவதில்லை.

இப்போதும் நாலு பேர் கூடினால் ஜோக்கடிப்பது நான்தான். ஆனால் என் கண் சிரிப்பவர்களிடம் போவதில்லை, கூட்டத்தில் யார் தனக்குள் மூடிக்கொள்கிறார் என்றுதான் முதலில் தேடுகிறது.