கன்னத்தில் போட்டுக்கொண்ட கூட்டம்

வாசலூர்பட்டி படகுத் துறையில் அன்று நான் போட்ட சத்தத்துக்காக எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

புரட்டாசி சனிக்கிழமை அது. ஏரித் தண்ணீருக்கு மேல் தாழ்ந்திருந்த மரக்கிளையில் ஒரு செம்பருந்து படபடத்துக்கொண்டிருந்தது. "கருடங்க! சனிக்கிழமையும் அதுவுமா தரிசனம் குடுக்குதுங்க!" என்று ஒருவர் சொன்னதும் கரையில் இருந்த அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் மனைவியும்தான்.

எனக்கோ அதன் காலில் சுற்றி, கிளையில் சிக்கியிருந்த தூண்டில் நரம்புதான் கண்ணில் பட்டது. மீன் பிடித்த எவனோ அறுத்துப் போட்டுவிட்டுப் போனது. அவிழ்த்துவிடலாம் என்று தண்ணீரில் இறங்கப் போனேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"கருடனைக் கையால தொடலாமுங்களா? குடும்பத்துக்கு ஆகாதுங்க!"

"அது சாகக் கெடக்குதுங்க! உங்க கும்புடு அதுக்கு எதுக்குங்க?" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. செல்போன்கள்தான் உயர்ந்தன.

அப்போது என் மனைவி, கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, துப்பட்டாவால் பருந்தைப் போர்த்தி, நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதன் நகம் அவள் மணிக்கட்டைக் கிழித்தது. துப்பட்டாவை விலக்கியதும் பருந்து ஏரிக்கு மேலே எழும்பிப் பறந்தது.

கூட்டம் அண்ணாந்து பார்த்து மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரத்தம் சொட்ட நின்றவளிடம் ஒரு கைக்குட்டையை நீட்ட ஆளில்லை.

இப்போதும் வானத்தில் கருடனைக் கண்டால், தழும்பேறிய அந்தக் கையால் அவள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. அன்று கரையில் நின்ற வேறு எவருக்கும் கிடையாது.