ஈரலும் உள்ளங்கையும்

மாசி மாதம் அம்மன் கோயிலில் கொடி ஏறியதிலிருந்து தேர் இருப்புக்குத் திரும்பும்வரை எங்கள் வீட்டில் மீன், முட்டை, இறைச்சி எதுவும் வாசல் தாண்டி உள்ளே வராது. என் வீட்டுக்காரர் தேர்வடம் பிடிக்கிறவர், கையில் காப்புக் கட்டுகிறவர். நெத்தலிக் கருவாடு போட்டு வைக்கும் டின்னைக்கூட நான் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். இதெல்லாம் ஒரு நாய்க்குத் தெரியுமா?

கொடி ஏறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்தப் பெட்டை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மிளகுத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தது. கழுத்தில் கம்பி. காட்டுப் பன்றிக்கு வைக்கிற சுருக்கில் மாட்டி, எப்படியோ அறுத்துக்கொண்டு வந்திருந்தது. கம்பி தோலுக்குள் இறங்கியிருந்தது. சோறு வைத்தால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை காத்திருந்து, பிறகு வந்து தின்னும். தலையைச் சொறிய நான் கையைத் தூக்கினாலே ஓடிவிடும்.

டவுனிலிருக்கும் மிருக வைத்தியரிடம் போய்ச் சொன்னேன். கம்பியை வெட்டிவிடலாம், ஆனால் நாயை யாராவது பிடித்துக் கொண்டுவர வேண்டும் என்றார். துரத்தினால் காட்டுக்குள் போய்ச் சாகும், விட்டாலும் புண் உள்ளே போய்ச் சாகும் என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கி, சாப்பாட்டில் ஒளித்துக் கொடுக்கக் குளிசை தந்தார். ஆகவே அது தானாக என் கைக்கு வர வேண்டும். புண் முந்துமா நான் முந்துவேனா என்பதுதான் கேள்வி.

வழி சொன்னவள் கொழும்பில் வேலை செய்கிற மகள். அவள் ஒரு தெருநாயை எடுத்து வளர்க்கிறாள். "அம்மா, அதட்டாதீங்க. பிடிக்கவும் போகாதீங்க. அதுவா ஒரு நல்லது செஞ்சிச்சுன்னா அந்த நிமிஷமே கூலி குடுங்க" என்றாள்.

"ஒன்ன நான் அடிச்சுத்தானே வளத்தேன். கெட்டா போயிட்ட?"

"அதனாலதான் சொல்றேன்" என்றாள்.

அவள் சொன்னபடி செய்தேன். என்னைப் பார்த்தால் "ஆ சரி" என்று சொல்லி ஒரு நெத்தலி. ஓர் அடி நெருங்கினால் "ஆ சரி", இன்னொரு நெத்தலி. கடைசியில் அது தன் தாடையை என் உள்ளங்கையில் வைத்து, எடுக்காமல் நிற்கப் பழக வேண்டும். அப்படி நின்றால் வைத்தியரிடம் தூக்கிப்போய்க் கம்பியை வெட்டலாம். என் வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தார். "பேர் வெச்சிராத. வெச்சா அப்புறம் அழுவ" என்றார். நான் வைக்கவில்லை.

கொடி ஏறியது. நெத்தலி நின்றது. தேங்காய்த் துண்டும் மாரி பிஸ்கட்டும் நீட்டினேன். அது மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. வந்த தூரமெல்லாம் திரும்பிப் போயிற்று.

பக்கத்து வீட்டு ராத்தா மதிலுக்கு மேலால் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, நாய்க்கும் விரதமா?" என்றார். அவருக்கும் அது நோன்பு மாதம். மறுநாள் அசர் தொழுகைக்கு முந்தி ஒரு கோப்பையில் மாட்டு ஈரலை அவித்து, பொடிப்பொடியாக வெட்டிக்கொண்டு வந்து மதிலடியில் நின்றார். நோன்பு வாயோடு உப்புப் பார்க்காமல் சமைத்தது. "நாய்க்கு உப்பு ஆகாதுதானே, நல்லதாப் போச்சு" என்றார்.

இப்போது வந்தது சிக்கல். மாட்டிறைச்சி நான் தொட மாட்டேன், அதுவும் கொடி ஏறியிருக்கும்போது. ராத்தா நாயைத் தொட மாட்டார். ஈர நாயில் கை பட்டால் மண் கலந்து ஒரு தண்ணீர், பிறகும் தண்ணீர் என்று ஏழு தரம் கழுவ வேண்டும். "பாவமில்ல தங்கச்சி, கழுவினாச் சரி. ஆனா இந்த வயசுல ஏன் வேலைய கூட்டுவான்?" என்று சிரித்தார். கை இருப்பவளிடம் இறைச்சி இல்லை, இறைச்சி இருப்பவரிடம் கை இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் ஆவோம் என்று முடிவு செய்தோம்.

நான் தரையில் குந்தி உள்ளங்கையை நீட்டி வைத்திருப்பேன். நாய் நெருங்கினால் நான் "ஆ சரி" என்பேன், ராத்தா மதிலுக்கு மேலிருந்து ஈரல் எறிவார். அவருடைய குறி ஆரம்பத்தில் என் தலையில்தான் விழுந்தது. கொண்டையில் மாட்டு ஈரலோடு நான் குதித்ததைப் பார்த்து, நோன்பாளி மதிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், நாய் முதலில் நம்பியது என்னையல்ல, அவரைத்தான். மதிலடிக்குப் போய் அவரை அண்ணாந்து பார்த்து வாலாட்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. "நான் தொட மாட்டேன்டு அதுக்கு வெளங்கிட்டு" என்றார் ராத்தா. "தொடுறவங்கதானே அதுக்கு கம்பி போட்ட."

ஒரு சாயங்காலம் அது வந்து என் உள்ளங்கையில் தாடையை வைத்தது. வைத்துவிட்டு உடனே எடுத்தது. மறுபடி வைத்தது. ஈர மூக்கின் சூடு மணிக்கட்டில் பட்டபோது மூச்சுவிடக்கூடப் பயந்தேன். ராத்தா ஈரலை எறிய மறந்து அழுதுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் போதும் என்று நினைத்தேன்.

ஆனால் புண் நாறத் தொடங்கிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அந்த நாற்றம் தாங்கவில்லை, அருவருப்பால் அல்ல, இரக்கத்தால். கோயிலிலிருந்து வந்தவர், நாய் தலையைக் குனிந்து தின்பதைப் பார்த்ததும் பின்னாலிருந்து ஒரு சாக்கைப் போட்டு அமுக்கினார். அது போட்ட சத்தத்தை நான் மறக்கவே போவதில்லை. சாக்கை உதறி, அவர் கையைக் கடித்து, மிளகுத் தோட்டத்துக்குள் ஓடி மறைந்தது.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். கடிக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்வந்தார். ராத்தா ஒவ்வொரு நாளும் கோப்பையோடு மதிலடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

தேர் அன்று ஊரே வீதியில் இருந்தது. நான் போகவில்லை. பகல் சரிந்த நேரம் மதிலுக்கு அப்பாலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது. "தங்கச்சி, வந்தீக்கு. மெல்லமா வாங்க."

தண்ணீர்க் குழாயடியில் படுத்திருந்தது. கழுத்து வீங்கி முகமே மாறியிருந்தது. நான் குந்தினேன். ராத்தா ஈரலை எறிந்தார். அதன் முன்னாலேயே விழுந்தது. அது பார்க்கவில்லை. கூலி வேண்டாம் என்பதுபோல, தவழ்ந்து வந்து தாடையை என் உள்ளங்கையில் வைத்தது. இந்தத் தடவை எடுக்கவில்லை.

"ஆ சரி" என்றேன்.

மறுகையால் என் வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. திரீவீல்காரருக்கு எடுத்தேன், தேர் கடக்கும்வரை ரோட்டைத் திறக்க மாட்டார்கள் என்றார். வைத்தியர் டவுனுக்கு அந்தப் பக்கம் இருந்தார். கம்பியை வெட்டும் குறடு எங்கள் வீட்டிலேயே இருந்தது, ஆனால் கம்பி எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத இடத்தில் அதை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கேற் திறக்கும் சத்தம் கேட்டது. ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினார். குழாய்த் தண்ணீரில் நனைந்திருந்த அதன் நெற்றியில் கையை வைத்தார். "எவ்வளவு நாளா என்ன பாத்து வாலாட்டினவள்" என்றார். தடவிக்கொண்டே இருந்தார். அதன் வால் ஒரு தரம் மண்ணில் தட்டியது. பிறகு என் கையில் கனம் கூடியது.

பிறகு போனைப் பார்த்து, என் வீட்டுக்காரர் வடத்தை விட்டு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அப்படியேதான் இருந்தோம். அவர் மண்வெட்டியை எடுத்துவந்தார். கடிபட்ட கையோடு மிளகுக் கொடியடியில் குழி வெட்டினார். பேர் வைக்காமலேயே நான் அழுதேன்.

தின்னாத ஈரல் துண்டுகள் குழாயடியில் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக என் கையாலேயே பொறுக்கிக் குழிக்குள் அதன் வாயருகே வைத்தேன். தேர் இன்னும் இருப்புக்கு வந்திருக்காது. என் வீட்டுக்காரர் பார்த்தார், தடுக்கவில்லை.

ராத்தா குழிக்கு வெட்டிய மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டார். நானும் எடுத்துத் தேய்த்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. நோன்பு திறக்கும் நேரமாகியும் அவர் அவசரப்படவில்லை. காப்புக் கட்டிய கையில் வாளியைத் தூக்கி, எங்கள் இரண்டு பேருக்கும் என் வீட்டுக்காரர்தான் தண்ணீர் ஊற்றினார். ராத்தா போதும் என்று சொல்லும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.