செயலாளரின் ஆமென்

எங்கள் ஊர் வேதக்கோயிலில் ஒரு சபைச் செயலாளர் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பெண் யாராவது வாயைத் திறந்தால் உடனே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மற்றபடி, பெண்களை அவரைப் போல் மதித்தவர் தாமிரபரணிக்கு இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை.

வருடத்தில் ஒரு நாள் பெண்களே ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறன்று பிரசங்கம் என்னுடையது. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் மாடு கறக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றியிருந்தேன். என்னை அறிமுகப்படுத்த எழுந்த செயலாளர், ஆண்டவர் பெண்களுக்குக் கொடுத்த வரங்களைப் பற்றி ஆராதனை நேரம் முடியும்வரை பேசினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

“அக்கா, நேரமாயிட்டு. சுருக்கமா ஒரு ஜெபம் மட்டும் பண்ணி முடிச்சிருங்க.”

“அதுக்கென்ன தம்பி, பண்ணிட்டாப் போச்சு. எல்லாரும் கண்ண மூடுங்க.”

ஜெபத்தை நடுவில் நிறுத்த எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. பிரசங்கம் முழுவதையும் ஆண்டவரிடமே சொல்லத் தொடங்கினேன்.

“பேதுருவோட மாமியாருக்கு வந்த காய்ச்சல நீர் குணமாக்கினீர், ஆண்டவரே. உடனே அவ எந்திரிச்சு எல்லாருக்கும் பரிமாறினா. காய்ச்சல் விட்டவளுக்கு ஒரு வாய் கஞ்சி குடுத்தது யாருன்னு வேதத்துல ஒருத்தரும் எழுதலியே! ஒரு பொம்பள எழுதியிருந்தா, முதல்ல அதத்தான எழுதியிருப்பா?”

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. செயலாளர் கோயில் அதிர “ஆமென்!” என்றார்.

மனதில் பட்டுச் சொன்னாரா, முடித்துத் தொலை என்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று “ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு, அடுத்து, இயேசு வந்த வீட்டில் அடுக்களை வேலையெல்லாம் தனியாகப் பார்த்த மார்த்தாளைப் பற்றி ஆரம்பித்தேன்.