கோப்பி குடிக்கும் பெண்ணின் படம்

மகனைப் பார்க்கத் தெல்லிப்பழையிலிருந்து பாரிசுக்குத் தனியே போயிருந்தேன். ஒருநாள் அவன் வேலைக்குப் போனபின், ஆற்றைப் பார்க்கும் ஆசையில் நானே சுரங்க ரயில் ஏறினேன். நிலையத்தின் பெயர் வாயில் நுழையவில்லை. சுவரில் இருந்த பெரிய விளம்பரப் படத்தை அடையாளம் வைத்துக்கொண்டேன். ஒரு பெண் கோப்பி குடிக்கும் படம்.

ஆறு அழகுதான். ஆனால் நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது. கட்டடங்கள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எவரும் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. திரும்பும்போது அந்தப் படத்தைக் கண்டு இறங்கினேன். மேலே வந்தால் தெரு வேறு. மறுபடி ஏறி, படம் தெரிந்த இன்னொரு நிலையத்தில் இறங்கினேன். அதுவும் வேறு. அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

என் சேலையையும் பொட்டையும் கண்டு ஒருவர் கிட்ட வந்தார்.

"அம்மா, யாழ்ப்பாணமோ? ஏன் அழுறியள்?"

"ஓம் தம்பி. மகன் வீட்டை போகத் தெரியேல்லை. கோப்பி குடிக்கிற பொம்பிளையின்ரை படம் இருக்கிற ஸ்டேசன்."

"அது எல்லா ஸ்டேசனிலையும் இருக்கு அம்மா. மகன்ரை கடிதம் ஏதும் பையிலை கிடக்கோ?"

விமான நிலையத்தில் காட்டக் கொண்டுவந்த கடிதம் கிடந்தது. உறையின் பின்புறம் முகவரி இருந்தது. வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று என்னை வாசல்வரை கூட்டிவந்து விட்டார். அவர் பெயரைக் கேட்க மறந்துபோனேன்.

அன்றிலிருந்து எங்கே புறப்பட்டாலும் இருக்கும் வீட்டு முகவரியை ஒரு துண்டில் எழுதிக் கைப்பையில் வைக்கிறேன். ஊர் திரும்பியபின் போரின் இடப்பெயர்வுகளால் மூன்று தரம் அதை மாற்றி எழுதியாயிற்று. இப்போது உடுப்பிட்டி. பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.