நாக்கின் அடியில் பதினைந்து நிமிடம்

மூன்று வருடமாக அம்மா என்னோடு பேசவில்லை. காரணம் ஒரு மாத்திரை அட்டை. கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்து வீட்டில் என் பைக்குள் அதைக் கண்டெடுத்து, இன்னதென்று தெரிந்துகொண்டதும், நேராகச் சாணிக் குழியில் வீசிவிட்டாள். பெண்ணாக மாறுவதற்கான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. அந்த எருவைத்தான் சோளக்காட்டுக்குக் கொட்டினார்கள். அந்த வருடம் எங்கள் மக்காச்சோளம் இடுப்பில் கை வைத்து நின்றதாகத் தங்கச்சி சொன்னாள்.

நான் மைசூருக்கு வந்துவிட்டேன். மாதம் ஒரு முறை அம்மா போன் செய்வாள். நான் "அலோ" என்றதும் வைத்துவிடுவாள். உயிரோடு இருக்கிறேனா என்று பார்ப்பதற்கு அவளுக்கு அந்த ஒரு சொல் போதும். எனக்குத்தான் போதவில்லை. அவள் எதிரில் கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மண்டி மொஹல்லாவில் என்னோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டவளும் என்னைப் போலத்தான். இருவருக்கும் ஒரே டாக்டர், ஒரே சின்ன நீல மாத்திரை. ஆனால் வீட்டில் இரண்டு கட்சி. அவள் மாத்திரையை மடக்கென்று விழுங்கிவிட்டுத் தலை சீவப் போய்விடுவாள். நான் நாக்குக்கு அடியில் வைத்து, எச்சிலை விழுங்காமல், வாயைத் திறக்காமல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்.

"சும்னே எதுக்குடி இந்தத் தண்டனை? தொண்டை எதுக்கு இருக்கு?" என்பாள். மைசூரிலேயே பிறந்தவள், தமிழுக்கு நடுவில் கன்னடம் எட்டிப் பார்க்கும். பதில் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அது தெரிந்தேதான் அந்த நேரமாகப் பார்த்துச் சண்டைக்கு வருவாள், கழுதை.

வழக்கை டாக்டரிடமே கொண்டுபோனோம். விழுங்கினால் வயிறு, கல்லீரல் எல்லாம் சுற்றி நிதானமாக ரத்தத்தில் கலக்கும். நாக்கின் அடியில் வைத்தால் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும், அதனால்தான் எனக்கு இரண்டு வேளையாகப் பிரித்திருக்கிறது என்றார். "அப்ப இவ எக்ஸ்பிரஸ் பஸ், நான் எல்லா ஸ்டாப்லயும் நிக்கற பஸ். என் பஸ்ல பேசிட்டே போகலாம் டாக்டர்" என்றாள் தோழி. அவர் சிரித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் சரியாகவே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குக் கொஞ்சமாவது குறைந்திருக்கக் கூடாதா?

கீழ் வீட்டு ஓனரம்மா வேறு, நான் தினமும் இரண்டு வேளை மௌன விரதம் இருப்பதாக முடிவு கட்டிவிட்டார். ஒரு நாள் காலை வாழைப்பழச் சீப்போடு மேலே வந்து, புது ஸ்கூட்டரின் சாவியை என் முன் நீட்டி, "ஆசீர்வாத மாடம்மா" என்று ஆசி கேட்டுக் குனிந்தார். வாயைத் திறந்தால் நீல எச்சில் வண்டிச் சாவியில் சொட்டும். கையை மட்டும் உயர்த்தினேன். சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பழத்தை உரித்தபடியே தோழி, "முழுங்கறவளுக்கு யாரும் பழம் தர்றதில்ல பாரு" என்றாள்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு சாயங்காலம், மாத்திரையை வைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அம்மாவின் போன் வந்தது. எடுத்தேன். "அலோ" சொல்ல முடியவில்லை. என் குரல் கேட்காததால் அம்மாவும் வைக்கவில்லை.

"உசுரோட இருக்கறயா?"

"ம்ம்."

"கோவமா? ஆசுபத்திரியில கெடந்தப்ப எட்டிப் பாக்க வரலியே நீ."

கொள்ளேகாலில் அவளுக்குக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்தது தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். போகத் துடித்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்ற பயத்தில் போகவில்லை.

"ஒடம்பெல்லாம் குபுகுபுன்னு எரியுது, தூக்கமே இல்ல. டாக்டரு ஒரு மாத்திரை எழுதியிருக்கறாரு. அட்டையப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. நான் குழியில வீசுனேனே, அதே நீலம்."

கையில் இருந்த என் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.

"நீ நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பயாமா, உந்தங்கச்சி சொன்னா. எனக்கு எப்படி? முழுங்கறதா, வெக்கறதா?"

"ம்ம், ம்ம்" என்றேன்.

"வாயத் தொறந்து பேசு. இல்லீன்னா வெச்சுப்போடறேன்."

விழுங்கினேன். இத்தனை நாள் கட்டிக்காத்த கட்சி ஒரே மடக்கில் போயிற்று. கட்டிலில் இருந்த தோழி கை தட்டினாள்.

"வாயில மாத்திரை இருந்துச்சும்மா, இப்பத்தான் முழுங்குனேன். டாக்டரு என்ன சொன்னாரு?" என்றேன். குரல் கேட்டுவிட்டது, இனி வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"முழுங்கத்தான் சொன்னாரு."

"அப்ப முழுங்கும்மா. அவரு சொன்னபடியே."

"அவரு சொல்லுவாரு. அவரா திங்கறாரு? நீதான மூணு வருசமாத் திங்கற. உன்னயக் கேக்காம எப்படித் திங்கறதுன்னு ரெண்டு நாளா அப்படியே வெச்சிருக்கறேன்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"அழுகாத. போயி ஒரு சொம்பு தண்ணி குடி, முழுங்குனது எறங்கட்டும்" என்றாள் அம்மா. "நான் வெக்கல, இங்கதான் இருக்கறேன்."