பூண்டு எண்ணெயும் பக்கத்து சீட்டும்

போன வியாழக்கிழமை சாயங்காலம். ரெட்டியார்பாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் நல்ல கூட்டம். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுருக்கினார், எழுந்தார், போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்!

காரணம் எனக்குத் தெரியும். பூண்டு.

காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவன் நான். கொஞ்ச நாளாக வகுப்பு முடிந்ததும் பூண்டை நசுக்கி, நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறேன். மலைப்பூண்டு, நாட்டுப்பூண்டு, ஒற்றைப்பல் பூண்டு – எதில் அதிகம்? ஒரு கூடை பூண்டுக்குச் சில சொட்டுதான் தேறும். ஆனால் அந்த வாசனை... எந்த சோப்புக்கும் மசியாது.

மனைவி இருந்தவரை இதெல்லாம் நடக்குமா? அவள் போன பிறகு கேட்க ஆளில்லை.

அடுத்த ஸ்டாப்பில் குருசுக்குப்பத்து மீன்கார அம்மாள் ஒருத்தர் ஏறினார். கூடை காலி. வாசம் மட்டும் விற்காமல் பாக்கி. ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"தள்ளிக் குந்துங்கய்யா" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பூண்டு யாவாரமா?"

"இல்லம்மா. எண்ணெய் எடுக்கிறேன்."

"எந்தப் பூண்டுல ஜாஸ்தி வருது?"

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! காலேஜில் எல்லோரும் ஜன்னலைத் திறக்கத்தான் சொல்கிறார்கள். கொட்டித் தீர்த்துவிட்டேன். நான் வடித்ததில் மலைப்பூண்டுதான் முதல். அளவு மட்டுமில்லை, எண்ணெயில் இருக்கிற கந்தகமும் ரகத்துக்கு ரகம் வேறு. ஒரே ரகத்திலேயே மண்ணும் காயவைத்த விதமும் மாறினால் எண்ணெயும் மாறுகிறது...

"மீனும் அப்டித்தான். ஒரே கடலுதான், மத்தி மீனுல இருக்கிற நெய்யி எல்லாத்துலயுமா இருக்குது?" என்று சிரித்தார்.

இறங்குகிற இடமும் எங்களுக்கு ஒன்றுதான். தெருக் குழாயடியில் நின்று, முந்தானையில் முடிந்திருந்த சோப்பை எடுத்துக் கையைத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"எம்மவ ஊட்டுக்குப் போறேன். மாப்ள ஆபீஸ் வேலை. போன தபா, மீன் நாத்தத்தோட வராதன்னு எம்மவளே சொல்லிடிச்சி. அப்பறம் நான் போவல. இன்னிக்கி மனசு கேக்கல." ஈரக்கையை நீட்டினார். "மோந்து பாருங்கய்யா. இன்னும் வீசுதா?"

குனிந்து மோந்தேன். என் மூக்குக்குப் பூண்டைத் தவிர வேறென்ன தெரியும்?

"இல்லம்மா. தைரியமாப் போங்க."

போனார். என்னால் நகர முடியவில்லை. எதிர்வீட்டு வாசலில் மகள் வந்து நின்றாள். பார்த்தாள். மறுபடியும் வராதே என்று சொல்லிவிடுவாளோ?

"எம்மா... நான் ஏதோ சொல்லிட்டேன்னு வராமயே இருந்துடுவியா?" தடதடவென்று படியிறங்கி வந்து, அந்த ஈரக்கைகளைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுதாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குப் போக என்ன அவசரம்?