கொலுவுக்குப் போன விளக்கு

மந்தைவெளி ரத்னாவைக் கோபக்காரி என்று சொல்பவர்கள், அவளுக்குக் கோபம் வரவழைத்தவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. இத்தனை வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் மாரடித்து, வீட்டில் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டு, அவளுக்கென்று அந்த ஹாலில் இருந்தது ஒரு கண்ணாடித் தொட்டி மட்டும்தான். உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒரு பாறை, பாறைமேல் ஒரு கடல் சாமந்தி, அதன் மடியில் புரளும் இரண்டு ஆரஞ்சு மீன்கள். மிச்ச ஹால் முழுக்க அவள் கணவர் சுப்பராமனின் ராஜ்ஜியம். அவர் டிவி, அவர் நாற்காலி, அவர் சத்தம்.

கடல் சாமந்தி பூ இல்லை, பிராணி. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசிதான் வெளிச்சத்தை வைத்து அதற்குச் சமைத்துப் போடுகிறது. வெளிச்சம் போதாவிட்டால் பட்டினி. ஒரேயடியாகக் கொட்டினால் வெந்துபோகும். ரத்னா முதலில் வாங்கிய விளக்கு சோகை. சாமந்தி வெளிச்சத்தைத் தேடிக் கண்ணாடியில் ஏறிவிட்டது. இரண்டாவது விளக்கு முரடு. சாமந்தி பாறைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற மாதிரி மூன்றாவதாக ஒன்றைத் தேடிப் பிடித்து, உயரத்தில் மாட்டி, வாரத்துக்கு ஒரு விரற்கடை இறக்கினாள். சாமந்தி பாறை உச்சியில் உட்கார்ந்து, தேன் நிறத்தில் விரிந்தது. பிறகு நகரவே இல்லை. பெண்ணுக்கு வரன் அமைந்தபோதுகூட ரத்னா அப்படி நிம்மதியாக மூச்சு விட்டதில்லை.

நவராத்திரி சமயம் பார்த்து ஆபீஸ் அவளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது. விளக்கைத் தொடாதீர்கள், ஃப்ரீசரில் இறால் துண்டு இருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் சாமந்திக்கு இடுக்கியால் கொடுங்கள் என்று சுப்பராமனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின சாயங்காலம்தான் அவளால் திரும்ப முடிந்தது. ஹாலில் ஐந்தாறு பெண்கள் சுண்டலோடு உட்கார்ந்திருந்தார்கள். கொலுவின் மேல்படி ஜெகஜ்ஜோதியாக இருந்தது. அங்கே எரிந்தது அவளுடைய விளக்கு. தொட்டிமேல் ஒரு நீல சீரியல் லைட் மினுக் மினுக்கென்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு சூடாமணி மாமி தொட்டி முன்னால் நின்று உருகினார். "வாடி ரத்னா! உன் புஷ்பம் எப்படி வெள்ளை வெளேர்னு ஆயிடுத்து பார்! சாட்சாத் பாற்கடல்தான் போ. வர்றவா எல்லாம் இதைத்தான் போட்டோ எடுத்துண்டு போறா."

ரத்னா பெட்டியைக் கீழே வைக்காமல் பார்த்தாள். தேன் நிறம் போன இடம் தெரியவில்லை. பாசியெல்லாம் வெளியேறி, வெறும் தோல் சுருங்கிக் கிடந்தது. அது சாகக் கிடந்ததைத்தான் வந்தவர்கள் எல்லாம் அழகு என்று படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"ஏன்னா, என் விளக்கு எப்படி அங்க போச்சு?"

"பெருமாள் மேல படட்டுமேன்னு மாட்டினேன்," என்று சிரித்தார் சுப்பராமன். "சமுத்திரத்துல இருக்கறதுக்கு நீலம் போதாதா? லைட்டுன்னா லைட்டுதானே."

"இறால் குடுத்தேளா?"

"மெதுவாப் பேசு. நவராத்திரில ஆத்துல இறாலா? முதல் நாளே தூக்கி எறிஞ்சுட்டேன்."

வெளிச்சமும் இல்லை, சோறும் இல்லை. ரத்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒரு பொம்மையையும் அசைக்காமல் விளக்கைக் கழற்றினாள். தசாவதாரமும் இருட்டில் நின்றது. நீலச் சரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தன் விளக்கைத் தொட்டிக்கு மேலே எட்டின உயரத்தில் மாட்டினாள். இந்த நிலைமையில் முழு வெளிச்சம் பட்டால் சாமந்தி அதோடு தீர்ந்தது. எதையாவது போட்டு உடைக்கத் துடித்த கையால், விளக்கின் திருகை நோகாமல் திருகி, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குறைத்தாள்.

சுப்பராமன் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு மங்கலா வைக்கறதுக்கா பிடுங்கினே? கொலுவுலயே இருந்திருக்கலாமே!"

அவரிடம் பேசினால் கொலைதான் விழும். பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தாள்.

"இன்னா மாமி, நீ வந்துகீற? வூட்ல விருந்தா?" என்றாள் மீன்காரம்மா.

"ஒரு ஜீவன் பட்டினி கிடக்கு. சின்ன இறாலாக் குடு."

திரும்பி வந்தபோது பெண்கள் கிளம்பவில்லை, எப்படிக் கிளம்புவார்கள்? அவர்கள் கண்ணெதிரிலேயே இறாலை உரித்து, பொடியாக நறுக்கி, இடுக்கியில் எடுத்தாள். சூடாமணி மாமி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சுப்பராமன் தொட்டிக்கும் அவளுக்கும் குறுக்கே வந்து நின்றார்.

"மனுஷா வந்திருக்கா, ரத்னா. என்ன நெனச்சுப்பா?"

"அவா என்ன நெனச்சுப்பா, இவா என்ன நெனச்சுப்பான்னு முப்பது வருஷமா நெனச்சாச்சு. நகருங்கோ."

நகர்ந்தார். முதல் துண்டு பிடிப்பில்லாமல் நழுவி மணலில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது துண்டை ஒரு வெளுத்த இழை தொட்டு, ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல வாய்க்கு இழுத்தது. பிழைத்துக்கொள்ளும் என்று ரத்னாவுக்குத் தோன்றியது. பிழைத்தாலும் அவரை மன்னிப்பதாக இல்லை.